உளி இல்லாத படம்

சென்னை,
18 பிப்ரவரி 1974

அன்புள்ள இசபெல்லா அக்காவுக்கும் ரோச் அண்ணனுக்கும்,

தேவமணி எழுதுகிறேன். ஆறு நாள் உங்கள் பட்டறையில் காமிராவும் கையுமாகக் குறுக்கும் நெடுக்கும் நடந்து, பசைச் சட்டியைக் கவிழ்த்து, உப்புத்தாளை மிதித்துக் கிழித்து, கடைசியில் வீட்டு மீன் குழம்பையும் காலி செய்துவிட்டு ரயில் ஏறிய அதே நாசரேத்துக்காரன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். சட்டையை உதறினால் இன்னும் வாகைத் தூள் விழுகிறது.

இத்துடன் நான்கு படங்கள் வைத்திருக்கிறேன். அண்ணன் உளி தீட்டுவது ஒன்று. மரக் கொட்டாப்புளி பிடித்த கை ஒன்று. மாதா சுரூபத்தின் அங்கி மடிப்பைத் தேய்ப்பது ஒன்று. நாலாவது, அக்கா வாசலில் நின்று "என்னைய எடுக்காதீங்க தம்பி, தலை சீவல" என்று கையை ஆட்டியது. அதுதான் நன்றாக வந்திருக்கிறது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சிற்பிகளை அவர்கள் வேலை செய்யும் இடத்திலேயே படம் எடுக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக அலைகிறேன். மயிலாடியில் கல் கொத்தும் மந்திரமூர்த்தி அண்ணாச்சியிலிருந்து சென்னையில் கல்லறைக் கல்லுக்குப் பெயர் வெட்டுகிறவர் வரை எல்லோரும் காமிராவைக் கண்டதும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார்கள். சிலையைப் பார்க்காமல் என்னைப் பார்ப்பார்கள். நான் ஒருவன் நிற்பதையே மறந்துபோனவர் ரோச் அண்ணன்தான். ஒரு வார இதழில் ஆறு பக்கம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அண்ணனுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சுரூபத்தின் முகத்தை மூடியிருந்த துவர்த்துத் துண்டை ஒரு மத்தியானம் எனக்காக எடுத்துவிட்டு வேலை பார்த்தீர்களே, அதை மறக்க மாட்டேன். எங்கள் வீட்டில் சிலுவையில்கூட ஆள் இருக்க மாட்டார், வெறும் சிலுவைதான். அப்படி வளர்ந்த நானே அந்த முகத்தின் முன்னால் செருப்பைக் கழற்றினேன். சவேரியார்துறைக் கோயிலில் மந்திரித்துப் பீடத்தில் வைக்கும்வரை முகம் வெளியே வரக்கூடாது என்றீர்கள். சரி என்று கையடித்துக் கொடுத்திருக்கிறேன். ஞாபகம் இருக்கிறது.

அன்புடன்,
தேவமணி


தூத்துக்குடி,
27 பிப்ரவரி 1974

தம்பி தேவமணிக்கு இசபெல்லா எழுதுவது.

கடிதமும் படங்களும் வந்தன. கடிதத்தின் தலைமாட்டில் ஒரு சிலுவை போடக்கூட நாசரேத்தில் சொல்லித் தரவில்லையா? போகட்டும். என் படத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருக்கிறேன். அதில் நான் யாரையோ அடிக்க வருகிற மாதிரி இருக்கிறது.

இவர் படங்களைப் பார்த்தார். "கை நல்லா விழுந்திருக்கு" என்றார். அதற்கு மேல் இவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்க வேண்டுமென்றால், கட்டிக்கொண்டிருக்கிறார்களே புதுத் துறைமுகம், அங்கிருந்து கிரேன் கொண்டுவர வேண்டும்.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். கண் குறித்த நாளிலிருந்து சுரூபத்தின் முகத்தை மூடிவைப்பது இவருடைய அப்பா காலத்துப் பழக்கம். ஆனாலும் வர்ணம் அடிக்கும்போது என்னைக் கூப்பிடுவார். உதட்டுச் சாயம் சரியா என்று நான்தான் பார்த்துச் சொல்வேன். இருபத்தைந்து வருஷமாக அப்படித்தான். இந்தச் சுரூபத்துக்கு மட்டும் பட்டறைப் பக்கமே வரவேண்டாம் என்கிறார். பொண்டாட்டிக்குக் காட்டாததை உங்களுக்குக் காட்டியிருக்கிறார். அந்த முகம் எப்படி இருக்கிறது? எழுதுங்கள்.

இன்று சாம்பல் புதன். பூசைக்குப் போய்விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்கு ஒரே மகள், ரெஜினா. மூன்று வருஷத்துக்கு முன்னால் போய்விட்டாள். இருபது வயசு. அவளை ஒரு படம் எடுத்து வைக்கவில்லை. கல்யாணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம். நீங்கள் காமிராவோடு இங்கே நடமாடிய ஆறு நாளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உங்களிடம் சிடுசிடுவென்று இருந்தேன். வேறு கோபம் ஒன்றும் இல்லை.

இசபெல்லா


சென்னை,
20 மார்ச் 1974

அன்புள்ள அக்கா,

உங்கள் மகளைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆறு நாளும் அப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டு திரிந்திருக்க மாட்டேன். இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன்.

முகத்தைக் கேட்டீர்கள். நான் பார்த்த மாதா சுரூபங்கள் எல்லாம் பொம்மை மாதிரி வழவழவென்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு இருக்கும். இது அப்படி இல்லை. நம் பக்கத்துப் பெண்பிள்ளை. கன்னத்து எலும்பு அகலம். கீழுதட்டைக் கொஞ்சம் உள்ளே மடித்து, ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்ட மாதிரி. இடது புருவத்தின் நடுவில் ஒரு சின்ன வெட்டு. உளி வழுக்கிவிட்டதோ என்று நினைத்து அண்ணனிடம் கேட்டேன். "இல்ல, அது அங்கன இருக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

கட்டுரை ஏப்ரல் ஏழாம் தேதி இதழில் வருகிறது. படங்களை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். எதைப் போடுவார், எதைத் தள்ளுவார் என்பது இனி அவர் கையில்.

தேவமணி


தூத்துக்குடி,
26 மார்ச் 1974

தம்பி,

இதைக் கவனமாகப் படியுங்கள்.

ஐம்பத்தெட்டில் முத்துச் சலாபம், அதுதான் முத்துக்குளிப்பு, நடந்தபோது ரெஜினாவுக்கு ஏழு வயசு. கரையெல்லாம் சிப்பி குவிந்து கிடந்தது. குவியல் மேல் ஏறி விளையாடி விழுந்தாள். இடது புருவம் பிளந்துபோனது. அந்த இடத்தில் பிறகு முடியே முளைக்கவில்லை. உதட்டை உள்ளே மடிப்பதும் அவள்தான். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் சோறு தீய்வது தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அவள் எப்படிப் போனாள் என்று உங்களிடம் சொல்லவில்லை. நிச்சயம் பண்ணின மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்று சொல்லியனுப்பிய மூன்றாம் நாள், சவேரியார்துறையில் என் மாமியார் வீட்டுக் கிணற்றில் கிடந்தாள். தண்ணீர் எடுக்கப் போய் விழுந்தாளா, குதித்தாளா என்பது அந்தக் கிணற்றுக்குத்தான் தெரியும். குதித்தாள் என்று ஊர் முடிவு செய்தது. தானாகச் செத்தவர்களுக்குக் கோயில் மணி கிடையாது, பூசை கிடையாது, கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. மதிலுக்கு வெளியே உடைமரத்தடியில் மணலைத் தோண்டி வைத்தோம். குருசு நடவும் விடவில்லை.

அன்றிலிருந்து இவர் வாயில் அவள் பெயர் வந்ததில்லை. போன வருஷம் சவேரியார்துறைக்காரர்கள் வந்து புது மாதா சுரூபம் வேண்டும் என்றபோது, கூலி வேண்டாம், நேர்ச்சையாகச் செய்து தருகிறேன் என்றார். அறுபத்து நாலு புயலில் சாய்ந்த கோயில் வாகையை அறுத்துக் கொண்டுவந்து போட்டார்கள். அப்படி நடந்துகொண்ட ஊருக்கு இவர் ஏன் ராப்பகலாகச் செதுக்குகிறார் என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது. இப்போதுதான் புரிகிறது.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியாது. மந்திரிக்கும்வரை சுரூபம் வெறும் மரம். பிடிக்கவில்லை என்றால் திருத்தச் சொல்லலாம், திருப்பி அனுப்பலாம். பங்குச் சாமியார் மந்திரித்துப் பீடத்தில் ஏற்றிவிட்டால் அதன் பிறகு அதில் உளி வைக்க ஒருவருக்கும் துணிச்சல் வராது. யாருக்காவது அடையாளம் தெரிந்தாலும் வாயை மூடிக்கொண்டு முழங்காலில் நிற்பார்கள். அதை நம்பித்தான் இவர் செய்திருக்கிறார். மந்திரிப்பு மே மாதம் நாலாம் தேதி, சனிக்கிழமை. அதுவரை அந்த முகம் எவர் கண்ணிலும் படக்கூடாது. பட்டுவிட்டால் என் மகள் இரண்டாம் தடவையும் மதிலுக்கு வெளியே நிற்பாள்.

பத்திரிகையில் முகம் வருகிறதா என்று உடனே பாருங்கள். வருகிறதென்றால் ஓடிப்போய் நிறுத்துங்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

எனக்குத் தெரிந்துபோனதை இவரிடம் சொல்லவில்லை. துவர்த்தைத் தூக்கியும் பார்க்க மாட்டேன். மே நாலாம் தேதி கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்த்துக்கொள்கிறேன்.

இசபெல்லா


சென்னை,
2 ஏப்ரல் 1974

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் என் கைக்கு வருவதற்குள் அச்சு ஏறிவிட்டது. முகம் தெரிகிற படத்தையும் ஆசிரியர் சேர்த்திருக்கிறார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், இனி ஒன்றும் செய்ய முடியாது என்றுவிட்டார்.

ரொம்பவும் பயப்பட வேண்டாம். படம் சின்னதுதான். பத்திரிகைத் தாள் மட்டம், மை இழுகிவிடும், புருவமெல்லாம் தெரியாது. சவேரியார்துறையில் யார் இதை வாங்கப்போகிறார்கள்? ஒரு வாரத்தில் மளிகைக் கடையில் பொட்டலமாகிவிடும்.

மே நாலாம் தேதி எல்லாம் நல்லபடியாக நடக்கும். நானும் ஜெபித்துக்கொள்கிறேன்.

தேவமணி


தூத்துக்குடி,
17 ஏப்ரல் 1974

தேவமணிக்கு,

உங்கள் பத்திரிகையை நான் காசு கொடுத்து வாங்கவில்லை. வீடு தேடி வந்தது.

பாளையங்கோட்டையில் வேலை பார்க்கிற சவேரியார்துறை டீச்சர் ஒருத்தி, நீங்கள் ஈஸ்டர் என்பீர்களே, அந்தப் பாஸ்குத் திருநாளுக்கு ஊருக்கு வரும்போது பஸ்ஸில் படிக்க வாங்கியிருக்கிறாள். படம் அரைப் பக்கம். மை இழுகவில்லை. புருவம் தெரிகிறது. கீழே 'சவேரியார்துறை மாதா கோயிலுக்கான சுரூபம்' என்று ஊர்ப் பெயரையும் போட்டிருக்கிறீர்கள். பாஸ்குப் பூசை முடிந்து கோயில் வாசலிலேயே கைமாறியிருக்கிறது.

மறுநாள் திங்கட்கிழமை காலையில் பன்னிரண்டு பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் ஊர்த் தலைவர் தொம்மை பர்னாந்து. அவர் கெட்டவர் இல்லை. ரெஜினாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நின்றவரே அவர்தான். நான் வாசலை மறித்து நின்றேன். "ஏளா இசபெல்லா, தள்ளு, எங்களுக்கு மட்டும் ஆசையா?" என்றார். உள்ளே போனார்கள். நானும் பின்னால் போனேன். துவர்த்தை அவர்தான் எடுத்தார்.

என் பிள்ளையை அப்படித்தான் பார்த்தேன். பன்னிரண்டு ஆண்பிள்ளைகளின் தோளுக்கு இடையில், எக்கிக்கொண்டு.

ஒருவர் கேட்டார்: "ஏலே ரோச்சு, இது உன் மவ முகம்லா?" இல்லை என்று இவர் சொல்லியிருக்கலாம். மரத்துக்கு முகம் தற்செயலாக அமைந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். "ஆமா, ரெஜினாதான்" என்றார். மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் பெயரை அப்போதுதான் சொன்னார். "அப்பம் நாங்க மாதாவுக்கு முட்டி போடணுமா, உன் மவளுக்கு முட்டி போடணுமா?" என்று இன்னொருவர் சத்தம் போட்டார். தொம்மை பர்னாந்துக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்கும் அவ பிள்ளைதாம்ல. ஆனா ஊருக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றார்.

மந்திரிப்புக்கு முன்னால் முகத்தை மாற்றியாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எனக்கே காட்டாமல் முகத்தை மூடிவைத்திருந்த மனுஷர் உங்களுக்கு ஏன் திறந்து காட்டினார் என்று யோசித்துப் பார்த்தேன். செய்ததை யாருக்காவது காட்டவேண்டும் போல இருந்திருக்கும். ரெஜினாவைத் தெரியாத ஆளிடம்தான் காட்ட முடியும். நீங்கள் வேறு சபை, வேறு ஊர், போய்விடுகிற ஆள். அப்படி நினைத்துத்தான் காட்டியிருக்கிறார்.

இசபெல்லா


சென்னை,
22 ஏப்ரல் 1974

அக்கா,

போன கடிதத்தில் நான் எழுதியது பொய்.

உங்கள் கடிதம் மார்ச் இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. அச்சு ஏறியது சனிக்கிழமை மத்தியானம். ஒரு நாள் முழுதும் கையில் இருந்தது. பத்திரிகை ஆபீஸ் வரைக்கும் போனேன். மாடிப்படியில் ஏறினேன். ஆசிரியர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. அந்தப் பக்கத்தைத் தயார் செய்து மேஜையில் வைத்திருந்தார்கள், வாசலிலிருந்தே தெரிந்தது. திரும்பி இறங்கி வந்துவிட்டேன்.

படத்தை ஆசிரியர் பொறுக்கியதாக எழுதினேன். அதுவும் பொய். ரோச் அண்ணனுக்குக் கையடித்துக் கொடுத்துவிட்டு வந்து, நானே அந்தப் படத்தைக் கட்டின் மேலே வைத்துச் சிவப்புப் பென்சிலால் சுழித்துக் கொடுத்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். இத்தனை வருஷத்தில் நான் எடுத்ததில் அதுதான் நல்ல படம். ஜன்னல் வெளிச்சம் பாதி முகத்தில், அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு புருவத்தில் உளி வைத்திருக்கிறார். அப்படி ஒரு படம் இன்னொரு தடவை எனக்கு வாய்க்காது என்று தெரியும். எங்கள் ஊரில் சுரூபத்துக்கு இத்தனை மரியாதை கிடையாது, ஒரு மரச் சிலைக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உங்கள் கடிதம் வந்த பிறகு அப்படிச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. தெரிந்தேதான் செய்தேன்.

நான் புறப்பட்டு வருகிறேன். சாமியாரிடமும் தலைவரிடமும் பேசுகிறேன். தப்பு என்னுடையது என்று கோயில் வாசலில் நின்று சொல்கிறேன். வரட்டுமா?

தேவமணி


தூத்துக்குடி,
27 ஏப்ரல் 1974

வரவேண்டாம்.

சிலுவையில் ஆளே வைக்காத ஊரிலிருந்து ஒருவர் வந்து, மாதா முகத்தைப் பற்றி எங்கள் சாமியாரிடம் பேசினால் நன்றாகத்தான் இருக்கும்.

அதுவும் காரணம் இல்லை. நீங்கள் வந்தால் இவர் ஒன்றும் சொல்ல மாட்டார். "சாப்ட்டீங்களா தம்பி" என்று கேட்டு இலை போடச் சொல்வார். அதை என்னால் பார்க்க முடியாது.

சுரூபத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்வோம், அவர்கள் வேறு வாங்கிக்கொள்ளட்டும் என்று நான் இவரிடம் அழுது பார்த்தேன். மரம் கோயில் மரம், கொடுக்க மாட்டோம் என்கிறார்கள். இவர் செய்யாவிட்டால் வேறு ஆளை வைத்துச் செதுக்கிக்கொள்வார்களாம். அதைக் கேட்டதும் இவர் எழுந்து உளியைத் தீட்ட உட்கார்ந்தார். "வேற ஒருத்தன் உளி அவ மேல படாண்டாம். நானே செய்யுதேன்" என்றார்.

இசபெல்லா


சென்னை,
8 மே 1974

அக்கா,

நாலாம் தேதி முழுதும் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு அறையிலேயே இருந்தேன். கேட்க எனக்கு உரிமை இல்லை.

பத்திரிகையில் வந்த படத்தைப் பெரிய தாளில் நானே பிரிண்ட் போட்டு இத்துடன் அனுப்புகிறேன். மகளுக்குப் படம் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். மரத்தில் இனி அவள் இருக்க மாட்டாள். இது ஒன்றாவது உங்களிடம் இருக்கட்டும். நல்லது செய்வதாக நினைத்து அனுப்பவில்லை. வேறு என்ன செய்வது என்று தெரியாமல் அனுப்புகிறேன்.

தேவமணி


தூத்துக்குடி,
19 மே 1974

தேவமணிக்கு,

படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் வெறும் கோபத்தில் அனுப்பியதாக நினைப்பீர்கள்.

ஏப்ரல் முப்பதாம் தேதி காலையில் இவர் என்னைப் பட்டறைக்குக் கூப்பிட்டார். துவர்த்தை எடுத்துவிட்டு ஒரு முக்காலியைப் போட்டார். உட்கார்ந்தேன். தொட்டுப் பார்த்தேன். மரம் அவள் நிறத்தில்தான் இருந்தது, வர்ணம் அடித்திருக்கவில்லை. இவர் ஒரு ஓரத்தில் உளியோடு நின்றுகொண்டிருந்தார். மத்தியானம் கேட்டார்: "ஏளா, பாத்துக்கிட்டியா?" இன்னும் இல்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார். சோறு ஆக்கவில்லை, இரண்டு பேரும் சாப்பிடவில்லை. வெயில் தாழ்ந்ததும் வந்து கேட்டார். இன்னும் இல்லை என்றேன். மூன்றாவது தடவை வந்தபோது ஜன்னலில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. "இதுக்கு மேல எனக்குக் கண்ணு தெரியாதுளா" என்றார். நான் எழுந்திருக்கவில்லை. அவர் புருவத்தில்தான் முதலில் உளியை வைத்தார்.

கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். அவளைப் புதைத்தபோது என்னைப் பெண்பிள்ளைகள் பிடித்துவைத்துக்கொண்டார்கள், கிட்டே போக விடவில்லை. இதையாவது கூடவே இருந்து பார்த்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

மந்திரிப்பு நடந்தது. நானும் போனேன். புது முகம் அழகாகத்தான் இருக்கிறது. யார் முகமும் இல்லை. எல்லோரும் காலைத் தொட்டு முத்தி செய்தார்கள். வெளியே வந்து மதிலைச் சுற்றிக்கொண்டு உடைமரத்தடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து உங்கள் படம் வந்தது. அதிலும் புருவத்தில் உளி. நீங்கள் எடுத்தது அவர் செய்கிறபோது என்று எனக்குத் தெரியும். ஆனால் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. அழிக்கிறபோது எடுத்தது மாதிரியே இருக்கிறது. அதே கை, அதே உளி, அதே ஜன்னல். இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல என்னால் முடியவில்லை. வீட்டில் வைக்க முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை.

அன்றைக்கு நிறையப் படம் எடுத்தீர்களே. உளி இல்லாமல், அவர் கை இல்லாமல், அவள் முகம் மட்டும் தனியாக ஒரு படம் உங்களிடம் இருக்கிறதா? இருந்தால் அனுப்புங்கள். உங்களிடம் இதற்கு மேல் ஒன்றும் கேட்க மாட்டேன்.

இசபெல்லா


சென்னை,
3 ஜூன் 1974

அக்கா,

உங்கள் பட்டறையில் எடுத்தது மொத்தம் பதினோரு ரோல், நூற்று முப்பத்திரண்டு படங்கள். எல்லா நெகட்டிவையும் விளக்கில் பிடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்று நாள் பார்த்தேன். முகம் தெரிவது பத்தொன்பது. பத்தொன்பதிலும் உளி இருக்கிறது.

நான் சிற்பிகளைப் படம் எடுக்க வந்தவன். கை நின்றால் நானும் நின்றுவிடுவேன். கை உளியை எடுத்த பிறகுதான் காமிராவை எடுப்பேன். அண்ணன் தண்ணீர் குடிக்கப் போனபோது முகம் மட்டும் தனியாக வெளிச்சத்தில் இருந்தது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்போது நான் ரோல் மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தடவை காமிராவைத் தூக்கியிருந்தால் போதும்.

ஒன்றில் அண்ணன் வியர்வை துடைக்கக் கையைத் தூக்கியிருக்கிறார். அதிலும் உளியின் நிழல் கன்னத்தில் குறுக்கே விழுகிறது. ஓரங்களை நீக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன், நிழல்தான் பெரிதாகிறது. மயிலாப்பூரில் ஒரு ஸ்டுடியோவில், படத்தில் வேண்டாததைத் தூரிகையால் மறைத்துக் கொடுக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டினேன். உளியை எடுத்துவிடலாம், அந்த இடத்தில் கன்னம் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள் என்றார். எனக்குத் தெரியாது. அவர் வரைந்து வைக்கிற கன்னம் உங்கள் மகளுடையதாக இருக்காது. அதைச் செய்து உங்களிடம் அனுப்பி, இதோ உளி இல்லாத படம் என்று எழுதியிருக்கலாம். இன்னொரு பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை.

நீங்கள் வேண்டுமென்றால் அவரைச் செய்யச் சொல்கிறேன். வேண்டாமென்றால் எல்லா நெகட்டிவும் உங்களுக்கு அனுப்பிவிடுகிறேன். என்ன சொன்னாலும் அப்படியே செய்கிறேன்.

தேவமணி


தூத்துக்குடி,
20 ஆகஸ்ட் 1974

தம்பி தேவமணிக்கு,

ஜூன் மாதக் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். எழுத ஒன்றும் இல்லாமல் இருந்தது.

இவர் பட்டறையைப் பூட்டிவிட்டார். புதுத் துறைமுகத்தில் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற வேலைக்குப் போகிறார். ஆணியும் சுத்தியலும்தான். ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் சோறு போடுகிறேன், அவர் சாப்பிடுகிறார். அந்தக் கையைப் பார்த்தால் எனக்கு அன்று சாயங்காலம்தான் ஞாபகம் வரும். நான் சொல்லாமலே அவருக்கு அது தெரிந்துவிட்டது. சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். இரண்டு மாதம் அப்படியே போனது.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடிதத்தை எடுத்து அவருக்கு வாசித்தேன். வியர்வை துடைத்த படம், நிழல், மயிலாப்பூர்ப் பெரியவர் எல்லாவற்றையும் வாசித்தேன். கேட்டுவிட்டு, "அந்தக் கன்னத்துக்கு மட்டும் பதினேழு நாளாச்சு" என்றார். அவராகவே சொல்லிக்கொண்டு போனார். கன்னத்தெலும்பு சரியாக வரவில்லை என்று இரண்டு தடவை விட்டுவிட்டாராம். அவள் சின்னப் பிள்ளையில் காய்ச்சலாகக் கிடந்தபோது உள்ளங்கையில் கன்னத்தைத் தாங்கி வைத்திருந்த ஞாபகத்தில், கண்ணை மூடிக்கொண்டு கையாலேயே தடவித் தடவிக் கண்டுபிடித்தாராம். உதட்டை மடித்துச் செதுக்கியதும் ஒரு நாள் வேலை ஓடவில்லையாம், திண்டாடிப்போய்க் கடற்கரைக்குப் போய்விட்டாராம். புருவத்து வெட்டைப் போட்ட அன்றைக்குத்தான் "வந்துட்டா" என்று வாய்விட்டுச் சொன்னாராம். வெயில் போகும்வரை பேசினார். நான் இவரோடு குடித்தனம் பண்ணின இத்தனை வருஷத்தில் இவ்வளவு பேசியது இல்லை.

அழித்தது ஒரு சாயங்காலம். செய்தது எட்டு மாதம். எனக்கு அந்த ஒரு சாயங்காலம் மட்டுமே கண்ணில் நின்றுகொண்டிருந்தது. எட்டு மாதத்தை நான் பார்க்கவே இல்லை. அதில் கொஞ்சமாவது பார்த்த ஒரே ஆள் நீங்கள்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று எனக்குத் தெரியவில்லை. காலையில் ஒரு மாதிரி இருக்கிறது, மத்தியானம் வேறு மாதிரி இருக்கிறது. அதைப் பற்றி இனி எழுதவேண்டாம்.

அந்தப் பெரியவரிடம் ஒன்றும் செய்யச் சொல்ல வேண்டாம். உளியோடேயே அனுப்புங்கள், அவர் கையும் இருக்கட்டும். பத்தொன்பது படத்தையும் அனுப்புங்கள். ரிஜிஸ்தர் தபாலில், அவர் பெயர் எழுதி அனுப்புங்கள். பகலில் தபால்காரர் வரும்போது அவர் வீட்டில் இருக்க மாட்டார். என்னிடம் நீட்டினால் நான் வாங்க மாட்டேன். வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, தபாலாபீசுக்குப் போய், அவரே கையெழுத்துப் போட்டு மகளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரட்டும்.

இசபெல்லா